மேலே செயற்கைக்கோள், உள்ளே புழு!

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவன், புளியந்தோப்பு)



2016-ஆம் ஆண்டு டிசம்பர் 7. முதலமைச்சர் ஜெயலலிதா மறைவையொட்டிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. புளியந்தோப்பில் எங்கள் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் பசங்களோடு நின்றுகொண்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். வடக்குப் பக்கம், எண்ணூர் புகைபோக்கிகளுக்கும் அப்பால், ஒரு வெள்ளைக் கோடு மெல்ல மேலே ஏறியது. "ராக்கெட்டுடா!" என்று கத்தினோம். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர்தான். வடசென்னைக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

அன்று போனது பி.எஸ்.எல்.வி.-சி36. அது சுமந்து சென்றது ரிசோர்ஸ்சாட்-2ஏ என்ற செயற்கைக்கோள். பயிர், காடு, ஏரி இவற்றையெல்லாம் படம் பிடிப்பதற்கென்றே செய்தது. ஒன்பது வருஷம் கழித்து அந்த வகைப் படங்களை வைத்து நான் புராஜெக்ட் செய்வேன் என்றோ, அதில் நன்றாக ஏமாறுவேன் என்றோ அன்றைக்குத் தெரியாது. ஏமாந்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் முதலில் விஷயத்தை விளக்கிவிடுகிறேன். அப்போதுதான் எங்கே ஏமாந்தேன் என்பது உங்களுக்கும் புரியும்.

அப்பாவும் மரமும்

என் அப்பா மரவாடியில் வேலை செய்பவர். 25 வருஷமாக ரம்பத்தோடு வாழ்க்கை. லோடு வந்து இறங்கியதும் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்ப்பார். "டங்" என்றால் கட்டை கெட்டி. "டொப்" என்றால் உள்ளே சொத்தை. நாங்கள் தர்பூசணி வாங்கும்போது தட்டுவோமே, அது மாதிரி.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு சம்பவம். வெளியே பார்க்க அம்சமாக இருந்த ஒரு பெரிய கட்டை. அவசர ஆர்டர் என்பதால் தட்டிப் பார்க்க நேரம் தரவில்லை, அப்படியே ரம்பத்துக்கு ஏற்றச் சொல்லிவிட்டார்கள். அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை ஓட்டையாகச் சுரங்கம்! பாதிக் கட்டை விறகுக்குத்தான் ஆயிற்று. பழி அப்பா மேல் விழுந்தது. "நீ பாக்கலையா?" என்று கேட்டுப் பத்து நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதம் வீட்டில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து என் மனதில் ஒரே கேள்வி. மரம் காட்டில் நிற்கும்போதே உள்ளே பூச்சி இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதா? கடந்த ஆண்டு எங்கள் சர்வே வகுப்பில் தொலையுணர்வு பற்றிப் பாடம் நடந்தபோது, "செயற்கைக்கோள் படத்தால் காட்டில் பூச்சித் தாக்குதலைக் கண்டுபிடிக்கிறார்கள்" என்று சார் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புழுவைப் பார்க்க முடியுமா என்ன?

முடியாது. எந்தச் செயற்கைக்கோளும் பூச்சியைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது இலையை. இன்னும் சரியாகச் சொன்னால், இலையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை.

இலை பேசும் பாஷை

இலை ஏன் பச்சையாக இருக்கிறது? அதிலுள்ள பச்சையம் சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் சாப்பாட்டுக்காக எடுத்துக்கொள்கிறது. பச்சை ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளி உண்டு. அதன் பெயர் அண்மை அகச்சிவப்பு. இதை இலை அப்படியே வாரித் திருப்பி அடிக்கிறது. இலைக்குள் பஞ்சு மாதிரி காற்று இடைவெளியோடு கூடிய செல் அடுக்கு இருப்பதுதான் காரணம். நல்ல இலை தன் மேல் விழும் அண்மை அகச்சிவப்பு ஒளியில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி விடும். அந்த ஒளி நமக்குத் தெரிந்திருந்தால் காடு கண்ணைக் கூசும்!

இப்போது மரத்துக்கு நோய் வந்தால் என்ன ஆகும்? பச்சையம் குறையும். அதனால் சிவப்பு ஒளியைச் சாப்பிடுவது குறைந்து, திரும்பி வரும் சிவப்பு கூடும். இலையின் உள் அடுக்கு நொறுங்கினால், இலை உதிர்ந்தால், திரும்பி வரும் அகச்சிவப்பு குறையும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு போடுகிறார்கள். அதன் பெயர் என்.டி.வி.ஐ. தமிழில் தாவரக் குறியீட்டெண் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு ரொம்ப சுலபம். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழி. அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. அவ்வளவுதான்.

உதாரணம்: நல்ல மரத்தில் அகச்சிவப்பு 45, சிவப்பு 5 என்று வைப்போம். 40-ஐ 50-ஆல் வகுத்தால் 0.80. வாடிய மரத்தில் அகச்சிவப்பு 30, சிவப்பு 12 என்றால், 18-ஐ 42-ஆல் வகுத்து 0.43. மண் தரை என்றால் இன்னும் கீழே போகும். தண்ணீர் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே.

இதோடு குறு அலை அகச்சிவப்பு என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. இதை இலையில் உள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். இலை காயக் காய இந்த ஒளி அதிகமாகத் திரும்பி வரும். ஆக, மரத்துக்குத் தாகம் எடுக்கிறதா என்று மேலிருந்தே கேட்டுவிடலாம்.

தென்னையில் தொடங்கிய கதை

நம் நாட்டில் இந்த வித்தை தொடங்கியதே மரத்தின் நோயைப் பார்க்கத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1970-ஆம் ஆண்டு வாக்கில் கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோயால் விவசாயிகள் தவித்துக்கொண்டிருந்தார்கள். இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று போற்றப்படும் பேராசிரியர் பி.ஆர். பிஷரோட்டி தலைமையில் ஒரு குழு, ஹெலிகாப்டரில் ஏறிக் காயங்குளம் பகுதித் தென்னந்தோப்புகளை அகச்சிவப்பு பிலிமில் படம் பிடித்தது. கீழே நின்று பார்க்கும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த சில மரங்கள், பிலிமில் நோயாளிகளாகத் தெரிந்தன. இந்த நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்கிருமி என்றும், அதை மரத்துக்கு மரம் பரப்புவது சாறு உறிஞ்சும் பூச்சிகள் என்றும் பின்னாளில் தெரியவந்தது.

அப்போது நம்மிடம் சொந்தச் செயற்கைக்கோள் இல்லை. 1988 மார்ச் 17-இல் சோவியத் யூனியனின் பைக்கனூரிலிருந்து ஐ.ஆர்.எஸ்.-1ஏ கிளம்பியது. 1995 டிசம்பர் 28-இல் ஐ.ஆர்.எஸ்.-1சி, அதுவும் பைக்கனூரிலிருந்துதான். 1997 செப்டம்பர் 29-இல் ஐ.ஆர்.எஸ்.-1டி நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே போனது. இவை எடுத்த படங்களை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு நிறுவனம் வாங்கித் தந்தது. இன்று அதன் பெயர் தேசியத் தொலையுணர்வு மையம். ஐ.ஆர்.எஸ்.-1சி வானில் இருந்த அதே காலத்தில்தான் மத்தியப் பிரதேசத்துக் காட்டில் ஒரு பெரிய சோதனை காத்திருந்தது.

சால் மரத்தின் சோகம்

சால் மரம் நம் பக்கத்துக் காடுகளில் இல்லை. ஆனால் அதன் பிசின் நமக்குத் தெரியும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் குங்கிலியம் அதுதான். கட்டையோ இரும்பு மாதிரி. ஒரு காலத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட ஸ்லீப்பர் கட்டைகளில் சாலும் ஒன்று.

இந்த மரத்துக்கு ஒரு ஜென்ம எதிரி உண்டு. சால் துளைப்பான் வண்டு. நீண்ட மீசை வைத்த பழுப்பு வண்டு. ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் மரத்துக்குள்ளிருந்து வெளியே வரும். பட்டை வெடிப்புகளில் முட்டை இடும். பொரிந்து வரும் புழு முதலில் பட்டைக்கு அடியிலும், பிறகு வெள்ளைப்பாகத்திலும், கடைசியில் வைரத்திலும் சுரங்கம் வெட்டும். விரல் நீளத்துக்கு வளரும். உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த மழைக்குக் காத்திருக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு தலைமுறை. அடி மரத்தில் குவியும் மரத்தூள்தான் அதன் விலாசம்.

மரம் சும்மா இருக்காது. துளைத்த இடத்தில் குங்கிலியத்தைக் கொட்டிப் புழுவை மூழ்கடிக்கும். ஐந்து, பத்து புழு என்றால் மரம் ஜெயிக்கும். நூற்றுக்கணக்கில் வந்தால்? பிசின் தீர்ந்துபோகும். மரம் தோற்கும். சாதாரண நாளில் இந்த வண்டு விழுந்த மரத்தையும் நோஞ்சான் மரத்தையும் மட்டும் தின்று பிழைக்கும். கூட்டம் பெருத்துவிட்டால் நல்ல மரத்தின் மேலேயே பாயும்.

1920-களில் மண்ட்லா காடுகளில் இப்படி ஒரு பேரழிவு நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் மறுபடியும் அதே மண்ட்லா, திண்டோரி, பாலாகாட், அமர்கண்டக் பகுதிகள். லட்சக்கணக்கான சால் மரங்கள் பாதிக்கப்பட்டன. வனத்துறை பழங்குடி மக்களின் உதவியை நாடியது. புதிதாக வெட்டிய சால் கட்டையின் முனைகளை நசுக்கிக் காட்டில் போடுவார்கள். அந்தச் சாற்றின் வாசனைக்கு வண்டுகள் ஓடி வரும். குடித்து மயங்கிக் கிடக்கும் வண்டுகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தால், எண்ணிப் பார்த்துக் காசு!

அடுத்த பிரச்சினைதான் நம் கட்டுரைக்கு முக்கியம். எந்த மரத்தை வெட்டுவது? உள்ளே வண்டு இருக்கும் மரத்தை அடுத்த மழைக்கு முன் அப்புறப்படுத்தாவிட்டால், அது பக்கத்து மரங்களையும் கெடுக்கும். அதற்காகக் கண்ட மரத்தையும் வெட்டினால், பிழைக்கக்கூடிய மரமும் போய்விடும். "பூச்சி பேரைச் சொல்லிக் காட்டை மொட்டையடிக்கிறார்கள்" என்ற குரலும் எழுந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தாக்குதலின் அளவைப் பொறுத்து மரங்களை ஏழு வகையாகப் பிரித்து, எதை வெட்டலாம், எதை விடலாம் என்று முடிவு செய்தார்கள். எண்ணிக்கை தப்பினால் காடே தப்பிப்போகும் என்ற நிலை.

படம் எவ்வளவு சொல்லும்?

இங்கேதான் செயற்கைக்கோள் வருகிறது. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் காட்டை நடந்தே பார்த்து முடிக்க எத்தனை மழைக்காலம் ஆகும்? ஐ.ஆர்.எஸ்.-1சி-யின் லிஸ்-3 கேமரா ஒரே ஓட்டத்தில் சுமார் 140 கிலோமீட்டர் அகலத்தைப் படம் பிடித்துவிடும். 24 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். பாதிப்பு எங்கே கனமாக இருக்கிறது என்று வரைபடம் போட இப்படிப்பட்ட படங்கள் உதவின.

ஆனால் லிஸ்-3 படத்தின் ஒரு பிக்சல், தரையில் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர். அதாவது சுமார் 552 சதுர மீட்டர். ஒரு சால் மரத்தின் தலை 8 மீட்டர் விட்டம் என்றால் 50 சதுர மீட்டர் வரும். ஆக ஒரு பிக்சலுக்குள் 11 மரம்! படத்தில் தெரிவது 11 மரத்தின் சராசரி.

நல்ல மரம் அகச்சிவப்பில் 45, செத்த மரம் 20 என்று கொள்ளுங்கள். 11-இல் ஒன்று செத்தால் சராசரி 42.7. யாருக்கும் தெரியாது. ஐந்து செத்தால் 33.6. அப்போதுதான் படத்தில் கறை விழும். நம்ம கிளாஸ் சராசரி மார்க் மாதிரிதான். ஒருத்தன் பெயிலானால் சராசரி அசையாது. பாதிப் பேர் பெயிலானால்தான் பிரின்சிபால் கூப்பிட்டு விசாரிப்பார்!

இன்று நிலைமை மேல். ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கேமராவுக்குப் பிக்சல் 5.8 மீட்டர்தான். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் பிக்சலில், ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் தருகின்றன. அதுவும் இலவசமாக. ஒரு பிக்சலுக்கு இரண்டு மரம் என்ற அளவுக்கு வந்துவிட்டோம்.

காலமும் முக்கியம். சால் மரம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தானாகவே பழைய இலையை உதிர்த்துப் புது இலை விடும். அந்த மாதப் படத்தைப் பார்த்துவிட்டுக் "காடே செத்துவிட்டது" என்று அலறினால் சிரிப்பார்கள். மழை முடிந்து இலை உதிர்வதற்கு முன், அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள படங்களைத்தான் வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட வேண்டும்.

பச்சையாகவே சாகும் மரம்

இன்னொரு பெரிய தொல்லை உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990-களில் தொடங்கி மலைப் பைன் வண்டு என்ற அரிசி அளவுப் பூச்சி 1.8 கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டைத் தாக்கியது. நம் தமிழ்நாடு மொத்தமே 1.3 கோடி ஹெக்டேர்தான்! அங்கே வனத்துறையினர் மூன்று நிலை சொல்கிறார்கள். வண்டு புகுந்தும் மரம் பச்சையாக இருப்பது முதல் நிலை. அடுத்த ஆண்டு ஊசியிலை சிவப்பது இரண்டாம் நிலை. இலை கொட்டிச் சாம்பல் நிறமாவது மூன்றாம் நிலை. செயற்கைக்கோள் சிவப்பையும் சாம்பலையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சிவக்கும் நேரத்தில் உள்ளிருந்த வண்டுகள் பறந்து அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். பச்சை நிலையில் பிடிப்பதுதான் உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது.

நம் பக்கத்து நீலம்பூர் தேக்கில் வேறு தொல்லை. 1840-களில் வெள்ளைக்காரர் காலத்தில் தேக்குத் தோட்டம் போட்ட ஊர் அது. அங்கே தேக்கு இலைதின்னிப் புழு ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையோடு திடீரென்று கிளம்பும். சில நாளில் இலையை நரம்பு மட்டும் விட்டுத் தின்று தீர்த்துவிடும். சில வாரத்தில் மரம் மறுபடி துளிர்த்துவிடும். மரம் சாகாது. அதனால் நஷ்டமில்லை என்று நினைத்தார்கள். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் இளம் தேக்குகளை அளந்து பார்த்ததில், புழு தின்னும் மரம் வளர வேண்டிய கன அளவில் 44 சதவீதத்தை இழப்பது தெரிந்தது! ஆனால் புழு வரும் நாட்களில்தான் வானத்தில் மேகமும் வரும். மேகம் கலைந்து படம் கிடைப்பதற்குள் மரம் துளிர்த்துவிடும். திருடன் போனபின் வந்த போலீஸ் கதை.

மேகத்தை ஊடுருவிப் பார்க்க ராடார் செயற்கைக்கோள்கள் உண்டு. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. ஆனால் ராடார் பார்ப்பது பச்சையத்தை அல்ல. கிளை, தண்டு இவற்றின் அமைப்பையும் ஈரத்தையும்தான். எல்லாம் தெரிந்த ஒரே கண் என்று எதுவும் கிடையாது.

நான் ஏமாந்த கதை

இவ்வளவும் படித்துவிட்டு நானும் களத்தில் இறங்கினேன். சால் காட்டுக்கு எங்கே போவது? பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு போகும் வழியில் சவுக்குத் தோப்புகள் இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டேன். சென்டினல்-2 படங்களை இலவசமாக இறக்கி, ஜனவரி படத்தையும் ஏப்ரல் படத்தையும் கணக்குப் போட்டுக் கழித்தேன்.

ஒரு தோப்பு பளிச்சென்று மாட்டியது. ஜனவரியில் 0.7. ஏப்ரலில் 0.25. 81 பிக்சல். பிக்சலுக்கு 100 சதுர மீட்டர் வீதம் 8,100 சதுர மீட்டர், அதாவது இரண்டு ஏக்கர். எனக்குத் தலைகால் புரியவில்லை. "கடுமையான பூச்சித் தாக்குதல்" என்று சிவப்பு வண்ணம் தீட்டி ரிப்போர்ட் எழுதி, சார் மேஜையில் வைத்தேன்.

சார் முழுக்கப் படித்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"போய்ப் பார்த்தியாப்பா?"

நான் முழித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டேன். பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். செல்போனில் இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். சரியாக அந்த இடத்தில் போய் நின்றோம். தோப்பே இல்லை. வரிசை வரிசையாக அடிக்கட்டைகள்! பக்கத்தில் மோட்டார் ஷெட்டில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "பூச்சியா? நாலு வருஷம் ஆச்சு, வெட்டி லாரியில ஏத்திட்டோம் தம்பி. சாரம் கட்ட அனுப்பிச்சோம்" என்றார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பும்போது அப்பா பக்கத்துத் தோப்புக்குள் நுழைந்தார். என் படத்தில் அது அடர்பச்சை. 0.7. "ஆரோக்கியம்" என்று நான் எழுதிய தோப்பு. அப்பா ஒரு மரத்தின் முன் நின்றார். பட்டை மேல் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையும் சேர்ந்து ஒட்டிய மாதிரி ஒரு பாதை, கிளைக் கவட்டை வரை நீண்டிருந்தது. அது பட்டை தின்னும் புழுவின் வழி. பகலில் கவட்டையில் தோண்டிய பொந்துக்குள் பதுங்கி, ராத்திரியில் அந்தப் பந்தலுக்கு அடியில் வந்து பட்டையைத் தின்னும். அப்பா விரலால் கிள்ளி எடுத்துக் காட்டினார். அந்த வரிசையில் இன்னும் நாலைந்து மரத்தில் அதே பாதை.

"இன்னாடா, உன் படத்துல இது தெரியலியா?" என்றார்.

"இல்லப்பா. மேல பச்சையாத்தான் கீது."

"மெசின் மேலேந்து பாக்கும். உள்ள இன்னா கீதுன்னு கிட்ட போய்த் தட்டித்தான் பாக்கணும்."

இல்லாத இடத்தில் பூச்சி இருக்கிறது என்றேன். இருக்கும் இடத்தில் இல்லை என்றேன். இரண்டு தப்பையும் ஒரே நாளில் ஒரே ஆள் செய்திருக்கிறேன். இது வெறும் காலேஜ் ரிப்போர்ட். மார்க் போனால் என்னோடு போகும். இதுவே மண்ட்லா மாதிரி இடமாக இருந்து, என் சிவப்பு வண்ணத்தை நம்பி யாராவது கோடரியை எடுத்திருந்தால்? அல்லது என் பச்சை வண்ணத்தை நம்பி எல்லோரும் சும்மா இருந்திருந்தால்?

கூலி பிடித்த அந்த மரவாடிக்காரர்கள் ஞாபகம் வந்தது. அவர்களும் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள்தானே? நானும் அதையேதான் செய்திருக்கிறேன், 800 கிலோமீட்டர் தள்ளி நின்று.

ஜூனியர்களுக்குச் சில வார்த்தை

தொலையுணர்வில் "தரை உண்மை" என்று ஒரு சொல் உண்டு. படம் சொல்வது சரியா என்று நேரில் போய்ச் சரிபார்ப்பது. பாடத்தில் ஒரு வரியில் போய்விடும். உண்மையில் பாதி வேலை அதுதான். இப்படிப் புராஜெக்ட் எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன்.

ஒன்று: ஜனவரியை ஏப்ரலோடு ஒப்பிடாதீர்கள். இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடு ஒப்பிடுங்கள். பருவ மாற்றம் பாதி அடிபட்டுவிடும்.

இரண்டு: இரண்டு படம் போதாது. மாதம் ஒன்றாக வரிசையாக எடுத்துப் பாருங்கள். வெட்டிய தோப்பு ஒரே வாரத்தில் தடாலென்று விழும். பூச்சி தின்னும் தோப்பு பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியும். நான் இதைப் பார்த்திருந்தாலே அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்.

மூன்று: "பூச்சி" என்று எழுதுவதற்கு முன் வேறு காரணங்களைப் பட்டியல் போடுங்கள். வெட்டு, தீ, வறட்சி, தண்ணீர் தேங்குதல், புயல். நான் ராக்கெட் பார்த்த அந்த 2016 டிசம்பரிலேயே, ஐந்து நாள் கழித்து 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. நம்ம ஊர் மரமெல்லாம் ஒரே நாளில் சாய்ந்தது. அன்றைய படத்தில் மட்டும் பார்த்தால் அதுவும் "பாதிப்பு"தான். காரணத்தைப் படம் சொல்லாது.

நாலு: நேரில் போகும்போது படத்தில் சிவப்பாக உள்ள இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். பச்சையாக உள்ள இடத்துக்கும் அதே அளவு போங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நோயாளி என்று சொன்னவனை மட்டும் சோதித்தால், தப்பிய நோயாளி தெரியவே மாட்டான்.

ஐந்து: போகும்போது மரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தோட்டக்காரரோ, வனக் காவலரோ, மரம் அறுப்பவரோ யாராக இருந்தாலும் சரி. எனக்கு என் அப்பா கிடைத்தார்.

செயற்கைக்கோளைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் மண்ட்லா மாதிரிக் காட்டில் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. ஆயிரம் சதுர கிலோமீட்டரில் "முதலில் இந்தப் பத்து இடத்தைப் போய்ப் பார்" என்று சொல்ல அதால் முடியும். அந்தப் பத்து இடத்துக்குப் போவது நம் வேலை. செயினும் தியோடலைட்டும் தூக்கிக்கொண்டு வெயிலில் சர்வே கேம்ப் போகிறோமே, "இதெல்லாம் இனி எதற்கு, எல்லாம் மேலேயே தெரிகிறதே" என்று நாமே கிண்டல் செய்திருக்கிறோம். நான் இனிமேல் செய்ய மாட்டேன்.

ரிப்போர்ட்டை மறுபடி எழுதினேன். தலைப்பை மாற்றினேன். பூச்சி என்ற சொல்லை எடுத்துவிட்டு "தாவரப் பரப்பில் மாற்றம், காரணம் நேரில் அறியப்பட்டது" என்று போட்டேன். நன்றி பக்கத்தில் சாருக்கு அடுத்தபடியாக அப்பா பெயரைச் சேர்த்தேன். அதை அப்பாவிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அன்று ஒரு லோடு வந்திருந்தது.

 அடுத்த முறை மாடியிலிருந்து வடக்கே வெள்ளைக் கோடு ஏறுவதைப் பார்த்தால் கை தட்டுங்கள், நண்பர்களே. தட்டிவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள். நமக்கு இங்கே வேலை இருக்கிறது.